அண்ணி வைக்காத மருந்து

என் அண்ணி மீன்குழம்பில் எனக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, டிகிரி படித்தவன், வாட்ஸ்அப்பில் ஊரையே கிண்டல் செய்கிறவன். நம்பினேன்.

நான்கு மாதமாக வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு இட்லி உள்ளே போனால் எட்டு இட்லிக்கு உப்பும். புளித்த ஏப்பம், வாயில் கசப்பு, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பல் துலக்கினால் ரத்தம் வரும். அது பத்து வருடப் பழக்கம், துப்பிவிட்டுப் போய்விடுவேன். கடைவாய்ப் பற்கள் ஆடியதால் சோற்றை மெல்லாமலே விழுங்கினேன். இதையெல்லாம் வயிற்றோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் சோறு செல்லாமல் ஒருவன் இளைத்தால், யாரோ சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்பார்கள். யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. அண்ணன் செத்த பிறகு பாகம் பிரித்தபோது, கிணற்றுப் பக்கத்து நிலத்தை நான் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஏறாத மேட்டை அண்ணிக்குத் தள்ளியிருந்தேன். அதற்குப் பிறகும் அவள் ஞாயிறுதோறும் குழம்பு கொடுத்தனுப்பினாள். காரணமில்லாமல் ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருப்பாளா?

பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னவர், நான் வாயைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்தின் வீரியம் என்று எனக்குப் புல்லரித்தது. பிறகு வயிற்றில் வெற்றிலை வைத்து வாயால் உறிஞ்சி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினார்.

அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், தெருவே பார்க்க அண்ணி வாசலில் வைத்தேன். அவள் உருண்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மருந்து வெக்கிறவ இன்னாத்துக்கு நாலு வருசம் காத்துக்கினு இருக்கணும், தம்பி? பாகம் பிரிச்ச அன்னிக்கே வெச்சிருப்பேனே. நீ பண்ணது உனுக்குத் தெரிஞ்சிதான் கீது. அதான் பயம்."

உருண்டையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

உருண்டை போயும் வயிறு அடங்கவில்லை. அப்படியானால் புற்றுநோய்தான் என்று முடிவுசெய்து, மனைவியிடம் உயில் எழுதுவது பற்றிப் பேசினேன். "மொதல்ல டாக்டராண்ட போ, அப்புறம் சாவலாம்" என்றாள். காஞ்சிபுரத்தில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிப் பல் டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா ஈறை அழுத்தினார். சீழ் வந்தது. இதை இரவும் பகலும் விழுங்கிக்கொண்டு, சோற்றையும் மெல்லாமல் அனுப்பினால் வயிறு என்ன செய்யும் என்று கேட்டார். இது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இதுவும் இருக்கலாம் என்றார்.

ஐந்து பற்களைப் பிடுங்கி, ஈறுகளைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு மாதத்தில் சாப்பாடு செரிக்க ஆரம்பித்தது. அண்ணி மருந்து வைக்கவில்லை, எல்லாம் என் ஈறு என்று தெருவில் வீடுவீடாகச் சொன்னேன். சிரித்தார்கள், வழக்கம்போல் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணி வீட்டில் மட்டும் யாரும் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மானாம்பதியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.