மூன்றாம் மதகில் விழுந்த கோடு

பட்டி டப்பாவைத் திறந்ததும் முத்துராணி முதலில் அதன் உட்புறத்துப் பென்சில் கோட்டைத்தான் பார்ப்பாள். முந்தைய நாள் மாலை, பட்டி நின்ற மட்டத்தில் அவளே இட்ட கோடு அது. எவரேனும் ஒரு சிட்டிகை எடுத்திருந்தாலும் தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டையில், பாபநாசம் அண்ணாச்சியின் பட்டறையில், கட்டடங்களின் சிறு மாதிரிகளுக்குப் பட்டி பார்ப்பது அவளுடைய வேலை. இயந்திரம் வார்த்துத் தரும் துண்டுகளில் வரிவரியாய்ச் சொரசொரப்பு இருக்கும். ஒட்டிய இடங்களில் மயிரிழை இடைவெளி தெரியும். அவள் பட்டிப் பசையால் இடைவெளியை அடைத்து, உப்புத்தாளை நனைத்துச் சிறு வட்டங்களாகத் தேய்ப்பாள். பதினோர் ஆண்டுப் பழக்கம்.

ஆடியில் கெசியாவும் அதே வேலைக்குச் சேர்ந்தாள். "தைக்குப் பொறவு இந்த வேலைக்கு ஒரு ஆளு போதும்" என்று அண்ணாச்சி சொன்ன நாளிலிருந்து, முத்துராணியின் ஒரு கண் கெசியாவின் கையிலேயே இருந்தது.

ஐப்பசியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மாதிரி வந்தது. புதன்கிழமை காலையில் மூன்றாம் மதகின் இணைப்பை அடைத்த முத்துராணி, மழை பெய்துகொண்டிருந்தபோதும் அன்று மாலையே வண்ணம் பூசினாள். வெள்ளிக்கிழமை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். இணைப்பின் மேல் ஒரு பள்ளக்கோடு ஓடியது.

நேரே அண்ணாச்சியிடம் போனாள். "அந்தப் பிள்ள கத்தியால கீறியிருக்கா அண்ணாச்சி."

"பாத்தியா?"

"வேற யாரு கீறுவா?"

"திங்கக்கெழம அவளுக்குக் கணக்க முடிச்சிருதேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை பார்த்தபோது கோட்டைக் காணோம். யாரோ அடைத்து, நீளவாக்கில் தேய்த்திருந்தார்கள்.

"ஏட்டி, இதுல கை வச்சியா?"

"வச்சேன்க்கா. நீங்க ஒரே தடவையா அப்பிட்டிய. மழ ஈரத்துல உள்ள காயல. பைய காஞ்சு உள்வாங்கிட்டு. அண்ணாச்சி கண்ணுல படுததுக்கு முன்ன சரி பண்ணிருவோம்னுதான்..."

"எனக்கே பாடம் எடுக்கியோ?"

கெசியா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் முத்துராணிக்குப் பிடிக்கவில்லை.

கெசியா சொன்னது பொய்யென்று காட்ட, முத்துராணி அன்றே கழிவுத் துண்டுகள் இரண்டை ஒட்டி, ஒரே தடவையாக அடைத்து, தேய்த்து, மாலையில் வண்ணமும் பூசி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ஞாயிறு முழுவதும் சாவி இறங்கவில்லை.

திங்கள் காலை பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே துண்டின் மேல் பள்ளக்கோடு ஓடியது. அதே நீளம், அதே ஆழம்.

அவள் அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு அண்ணாச்சியின் மேசைக்குப் போனாள்.

"மூணாம் மதகுல தப்பு என்னோடது அண்ணாச்சி. அவ அடைக்கத்தான் செஞ்சா."

"அப்ப வெள்ளிக்கெழம சொன்னது?"

"அதுவும் என் தப்புதான்."

அவர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தை வரட்டும். அதுவர ரெண்டு பேரும் வேலையப் பாருங்க."

அதன் பொருள் தனக்கு நல்லதா கெட்டதா என்று முத்துராணிக்கு விளங்கவில்லை. இடத்துக்குத் திரும்பி, கெசியாவின் பக்கம் பாராமலே கேட்டாள்: "மொத அடைப்புக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எத்தன நாள் விடுவ?"

"மழைன்னா ரெண்டு நாளுக்கா."

அன்று மாலையும் டப்பாவில் பென்சில் கோடு போட்டுவிட்டுத்தான் முத்துராணி வீட்டுக்குப் புறப்பட்டாள்.