பக்கத்து சீட் மாஸ்டர்

மாஸ்டர் மேஜைக்கு அடியில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே பிரேக் கிடையாது. நாலைந்து ஒயரும் ஒரு குப்பைக்கூடையும்தான் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் அவர் மனைவி மவுஸைப் பிடித்திருக்க, பக்கத்து நாற்காலியில் இருந்த இவர், திரை கொஞ்சம் வேகமாக நகர்ந்தாலும் தரையை ஓங்கி மிதித்தார்.

"மெதுவா, மெதுவா. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கலையே, எதுக்குப் பறக்குற?"

"பக்கம் கீழ இறங்குதுங்க. நான் எங்கயும் பறக்கல."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பாதி ஆயுளை அடுத்தவர் ஓட்டும் வண்டியில், பக்கத்து சீட்டில் கழித்தவர். அந்த சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் இருப்பதால்தான் மீதி ஆயுள் மிச்சம் இருக்கிறது. மாடிவீட்டுக்காரனான நானும் அவரிடம் கற்றவன்தான். அவர் தலைமுடி நரைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. வேலை முடிந்தாலும் அவர் கால் ஓய்வதில்லை. பஸ்ஸில் மிதிப்பார், லிஃப்டில் மிதிப்பார். சலூன் நாற்காலியில் அவர் மிதித்த மிதியில் முடிவெட்டுகிறவர் ஒருமுறை கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

ஸ்கூலுக்கு ஓர் இணையதளம் உண்டு. எப்போதோ மனைவி தானே கற்றுக்கொண்டு செய்தது. போனில் பார்த்தால் பாதி எழுத்து திரைக்கு வெளியே போய் நிற்கும். தெருமுனையில் புதிதாக வந்த ஸ்கூலிலோ போனிலேயே பெயர் கொடுத்து, வகுப்பு நேரத்தையும் பிடித்துக்கொள்ளலாம். கற்க வரும் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். மாஸ்டரின் கார் வாசலில் உறை போட்டுக்கொண்டு தூங்குகிறது. கல்லூரி விடுமுறை தொடங்குவதற்குள் தளத்தைப் புதுப்பித்தாக வேண்டும். வருஷத்தில் கூட்டம் வருவதே அந்த ஒரு விடுமுறையில்தான். அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைய ஆரம்பித்ததால், புதியது ஒன்றும் வாங்கியாயிற்று.

ஆக, மாற வேண்டியவை இரண்டு. இரண்டும் மாறியபாடில்லை. காரணம் மாஸ்டரின் கொள்கை.

"பழச நிறுத்திட்டுப் புதுச எடுத்து, அது மக்கர் பண்ணுச்சுன்னா நடுரோட்டுல நிக்கணும். ரெண்டும் ஓடட்டும்."

ஓடின. மேஜையில் இரண்டு கம்ப்யூட்டரும் தோளோடு தோள் நின்றன, பழையதில் பழைய தளம், புதியதில் புதிய தளம். புதியதில் ஒரு வரியைத் திருத்தினால், கையோடு பழைய தளத்திலும் அதைத் திருத்தச் சொல்வார். பழையதில் ஒரு பிழை கண்ணில் பட்டால் புதியதை முதலிலிருந்து பார்க்கச் சொல்வார். அந்த அம்மாள் சக்கரம் வைத்த நாற்காலியை இங்கும் அங்கும் உருட்டியே இளைத்துவிட்டார்.

"போகப்போற தளத்துக்கு எதுக்குங்க பவுடர் பூசணும்?"

"போற வரைக்கும் அது ஓடணும்ல. பாதி வழியில இறக்கி விடலாமா?"

முகப்பில் என்ன படம் போடுவது என்று ஒரு வாரம் மல்லுக்கட்டு. பிரேக் பெடலைப் போடச் சொன்னார் இவர். "அதப் பாத்து யாருங்க சேருவாங்க?" என்று மனைவி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கும் பெண்ணின் படத்தைப் போட்டார். மாஸ்டர் வெகுநேரம் அதை உற்றுப் பார்த்தார். "ரோட்டப் பாக்காம இவ எதுக்கு நம்மளப் பாக்குறா?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் நியாயம் கேட்டார். நான் காப்பி ஆறுகிறது என்று மாடிக்குப் போய்விட்டேன்.

விடுமுறைக்கு முந்தைய நாள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வைக்க ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனால், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தயார், ஒரே ஒரு பட்டன் பாக்கி. அதை அழுத்தினால் புதிய தளம் ஊருக்குத் திறந்துவிடும்.

"இன்னொரு தடவ முழுசாப் பாத்துரலாம்," என்றார் மாஸ்டர்.

மனைவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. முந்தாநேத்தும் இதத்தான் சொன்னீங்க. இன்னிக்கு விட்டா இந்த வருஷப் பிள்ளைங்களும் அங்க போயிருவாங்க. அப்புறம் ஸ்கூல இழுத்து மூட வேண்டியதுதான்."

அந்த அம்மாள் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரலில் இருந்தது பயம்.

"ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆச்சுன்னா பாத்துக்கலாம். நீங்க பக்கத்துல உக்காந்து மிதிச்சுக்கிட்டே இருந்தா என்னால முடியாதுங்க."

லைசென்ஸ் டெஸ்ட் அன்று மட்டும் சொல்லிக்கொடுத்தவர் வண்டியில் இருக்கக்கூடாது என்பது விதி. என் டெஸ்டின்போது மாஸ்டர் இறங்கிப் போய், மைதானத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

இப்போதும் எழுந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் மேஜைக்கு அடியில் தள்ளினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே பார்த்தோம்: வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றவர், திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்தி, வண்டியை எடுக்கலாம் என்று முன்னால் அசைத்தார்.