எனக்காக மெதுவாகப் பேசியவர்கள்

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்கு ஒரே கவலைதான். வலி வரும் நேரத்தில் நாலு வயது மகளை யாரிடம் விடுவது? பிரசவ அறைக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கணவர் வெளியே, நான் மட்டும் உள்ளே. ஊரிலிருந்து அம்மா வருவதற்கு விசா கிடைக்கவில்லை. நாங்கள் குடியேறிய கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று அவருக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும்.

மிச்சம் இருந்தது வியாழக்கிழமை பிளேகுரூப். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஹாலில் அம்மாக்கள் பிள்ளைகளோடு கூடுவோம். அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவள் மகளும் என் மகளும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். இவளோடு நெருங்கிவிட்டால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நெருங்குவதற்கு அவள் பேச்சு புரிய வேண்டும் என்றும் நினைத்தேன்.

அது நான் எம்.ஏ.வில் படித்த ஆங்கிலம் இல்லை. இரவுச் சாப்பாட்டை டீ என்பாள். பேன்ட்ஸ் என்றால் உள்ளாடை; பிடிக்காத படத்தையும் பேன்ட்ஸ் என்றே திட்டுவாள். களைத்துப் போனால் நாக்கர்ட், மனம் உடைந்தால் கட்டட். குவைட் குட் என்று அவள் சொன்னால் அது அவ்வளவு நன்றாக இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஃபோனில் தேடுவேன். துணி காயப்போடும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். “அம்மா, யூ சவுண்ட் வியர்ட்” என்பாள் மகள்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அன்ரி எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, தனியக் கதைக்கிறீர்?”

“இங்கிலீஷ் படிக்கிறேன் அன்ரி.”

“எம்.ஏ. முடிச்சுப்போட்டு இப்பதான் இங்கிலீஷ் படிக்கிறீரோ? அப்ப அங்க என்னத்தைப் படிச்சனீர்?”

“அது புத்தகத்துல இருக்கறது அன்ரி. இது இவங்க பேசறது.”

“ஓம், ஓம். நான் இவ்வளவு வருசமும் யெஸ், நோ, தேங்க்யூவோடதான் வேலைக்குப் போறன். ஒருத்தரும் செத்துப்போகேல்லை.”

அடுத்த வியாழன் துணிந்து சொன்னேன்: “ஐ ஆம் அப்சல்யூட்லி நாக்கர்ட்.” தலைகள் என் பக்கம் திரும்பின. பிறகு எல்லோரும் சிரித்த முகத்தோடு பாராட்டினார்கள். குட் ஆன் யூ என்றாள் ஒருத்தி. இங்கிலாந்துக்காரி கையே தட்டினாள். பாட்டு ஒப்பித்த குழந்தையைப் போல நானும் சிரித்தேன். ஏன் இவ்வளவு களைப்பு என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் வந்து உட்கார்ந்ததும் பேச்சின் வேகம் குறைகிறது, பள்ளிக்கூட வாசலில் சட்டப்படி நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும் கார் போல. சொற்கள் முழுதாக, சுத்தமாக வருகின்றன. மகளை டாய்லெட்டுக்கு அழைத்துப் போனால் முதுகுக்குப் பின்னால் பழைய வேகமும் சிரிப்பும் திரும்பிவிடும். என்னைப் பற்றிய சிரிப்பு இல்லை, அது நிச்சயம். அவர்கள் தங்களுக்குள் திட்டிக்கொள்வார்கள், குத்திக்காட்டுவார்கள். என்னை ஒருத்தியும் ஒருமுறைகூடக் கிண்டல் செய்ததில்லை. இதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளவும் முயன்றேன்.

எட்டாம் மாதத்தில் இங்கிலாந்துக்காரியிடம் கேட்டேன். மகளை ஒருநாள் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். எனக்குப் பிரசவமாகும் மாதம்தான் இங்கிலாந்திலிருந்து தன் அம்மா வருகிறார். வீட்டில் இடம் இருக்காது. மிகவும் வருந்துகிறேன் என்றாள். ஒரு கொச்சைச் சொல்லும் அதில் இல்லை. ஃபோனில் தேடிப் பார்க்க எதுவுமே இல்லை.

அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் குட் ஆன் யூ என்ற அந்த மற்றவள் கேட்டிருந்தால் இடம் இருந்திருக்குமோ? இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டுமோ? அந்த வார்த்தைகளை நான் பழகாமலே இருந்திருக்க வேண்டுமோ? இப்போதும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் வலி வந்தது. அன்ரிக்கு அன்றைக்கு வேலை. கணவர் மகளோடு ஆஸ்பத்திரி கார் பார்க்கில் இருந்தார். “கீழதான் இருக்கேன்” என்று மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினார். நர்ஸ் வேகமாக ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். படித்ததும் வரவில்லை, பழகியதும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் ஆஸ்பத்திரி ஃபோனில் ஒருவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டார்.

“வணக்கம்மா” என்றது ஓர் ஆண் குரல். “இப்ப முக்க வேண்டாம்னு சொல்றாங்க. வாய் வழியா மூச்சு மட்டும் விடச் சொல்றாங்க.”

“சரிங்க சார்” என்றேன். முகம் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரம்தான்.

“இப்ப முக்கலாம்னு சொல்றாங்கம்மா.”

பிறகு, “பையன்னு சொல்றாங்க. நல்லா இருக்கானாம்.”

நர்ஸ் ஃபோனை நோக்கி நன்றி சொன்னார்.

“வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார் ஃபோனில் இருந்தவர்.

“கொஞ்ச நேரம் லைன்லயே இருங்க சார்.”

அவர் தயங்கியது கேட்டது. “அடுத்த கால் வெயிட்டிங்ல இருக்கும்மா. ஒடம்பப் பாத்துக்கங்க.”

லைன் துண்டிக்கப்பட்டது. குழந்தை மார்பின் மேல் அழுதுகொண்டிருந்தான். கீழே காத்திருப்பவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். என் ஃபோன் எட்டாத தூரத்தில், அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் கிடந்தது.