உப்பைக் குறைக்கச் சொல்லு

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று வேன்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வாய் திறக்க மாட்டாள். கைப்பேசியை எடுத்து ஒரு குரல் பதிவைப் போடுவாள். அதில் அவள் புருஷன் சிரித்துச் சிரித்துப் பேசுவார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவள் பிழைப்பு. வண்டி அவள் கையில். முன் சீட்டில் அவளுடைய அப்பா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "மெதுவா, மெதுவா" என்று ஊரே கேட்கும்படி கத்துவது அவர் வேலை. அவருக்குக் காது மந்தம். அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைப்பு.

புருஷன் மோட்டார் மெக்கானிக். கடல் தாண்டி ஒரு நாட்டில் வெள்ளம் வந்து, குடிதண்ணீர் மோட்டார்களெல்லாம் சேற்றில் புதைந்து கிடக்கின்றன என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், ஒரு தொண்டுக் குழுவில் பேரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சம்பளம் கிடையாது. சோறும் படுக்கையும் உண்டு.

"நம்ம வீட்டு மோட்டார் மாசக்கணக்கா முனகிட்டுக் கிடக்கு. அதைப் பார்க்க ஆள் இல்ல. இவரு நாடு விட்டு நாடு போறாராம்!" என்று அவள் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள். ஆனால் தண்ணீர் இல்லாமல் தவிக்கிற சனங்களை நினைத்தபோது அவளுக்கும் மனசு கேட்கவில்லை. சரி என்றாள். மனுஷருக்கு நீச்சல் தெரியாது. அதுதான் அவள் பயம். அதனால் படகில் ஏறக் கூடாது, கிடங்குக்குக் கொண்டுவரும் மோட்டார்களை மட்டும் பார்க்க வேண்டும், தினமும் காலையில் குரல் அனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொன்னாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? சொன்னாச் சொன்னதுதான்," என்றார் அவர்.

சொன்னபடியே காலையில் குரல் வந்தது. முதல் பிள்ளையை ஏற்றும் முன்னே, வண்டியை ஓரங்கட்டி, அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்துக் கேட்பாள். பின்னால் எப்போதும் ஜெனரேட்டர் இரைச்சல். பாவம், இந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடக்கிறாரே என்று உருகுவாள். 'நான் நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா' என்று தொடங்கி மாமனாரை ஒரு வாரு வாரிவிட்டுத்தான் அவர் முடிப்பார். அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார்.

"கல்லு மாதிரி இருக்கான் உன் புருஷன். நீ வண்டியை எடு," என்பார்.

இப்படியே நாள் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த அப்பா, அப்படியே சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் தங்கவில்லை.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரைச்சலில் கேட்டிருக்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, "அப்பா போயிட்டாருங்க... என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரு..." என்று அழுதபடியே பேசி அனுப்பினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். கைப்பேசி சிணுங்கியது.

"மாப்பிள்ளை பேசியிருக்காரு. சத்தமா வையி, நாங்களும் கேட்கறோம்," என்றாள் சித்தி.

வைத்தாள்.

"நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா? மாமாவ உப்பைக் குறைக்கச் சொல்லு. நான் வந்து பார்க்கும்போது மனுஷன் பிரஷர் மாத்திரையும் கையுமா உட்கார்ந்திருந்தாருன்னா, அப்புறம் நடக்கறதே வேற! மாமா, கேக்குதா? இன்னும் சத்தமாச் சொல்லட்டுமா?"

அதோடு அவருடைய சிரிப்பு. சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றுதான் வேன்காரம்மாவுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: இது இன்றைக்குப் பேசின பேச்சே இல்லை.

மறுபடி மறுபடி போன் அடித்தாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். கிடங்கின் சமையல்காரர், புருஷனோடு கூடப் போனவர்.

"அவரு எங்கே?"

"அம்மா... அவரு இங்க இல்லம்மா."

"அப்ப இந்தக் குரல்?"

"வந்த புதுசுலயே வரிசையாப் பேசி வெச்சுட்டாரும்மா. போனையும் என்கிட்ட குடுத்துட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. படகுலதான் போகணும். அங்க சிக்னலும் கிடையாது. காலையில உலை வைக்கும்போது நான் ஒண்ணொண்ணா அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

"நான் அழுது அனுப்பினேனே, அதைக்கூடக் கேட்கலையா?"

"புருஷன் பொண்டாட்டி பேச்சை நான் எப்படிம்மா கேட்கறது? தப்பில்லையா? அவர் பேசி வெச்சதைக்கூட நான் காதுல வாங்கினதில்ல."

நல்ல மனுஷர்! அவருடைய நாகரிகத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட. விஷயத்தைச் சொன்னதும் அவர் அழுதார். அழுதுகொண்டே, ஆற்றைத் தாண்டிப் போனவர்கள் போன வாரமே திரும்பியிருக்க வேண்டும், இன்னும் காணோம் என்பதையும் சொன்னார்.

மறுநாள் காலை குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் பிள்ளைகளை ஏற்றினாள், இறக்கினாள், தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு மூச்சும், இருந்தால் சும்மா விடமாட்டேன் என்று ஒரு மூச்சுமாகப் போனது பொழுது.

ஒருநாள் காலையில், பள்ளிக்கூட வாசலில் வண்டி காலியானதும் போன் வந்தது. அவரேதான்.

"மாமா..." என்றவர் தேம்பித் தேம்பி அழுதார். அழட்டும் என்று விட்டாள்.

"எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேன்."

அதே குரல், அதே ராகம். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இதைத்தானே செத்த மனுஷன் வீட்டுலயும் சொன்னீங்க? வேற ஏதாவது சொல்லுங்க."



"படகு கவிழ்ந்துருச்சு. ஒரு கயித்தைப் பிடிச்சுத் தொங்கிட்டுக் கிடந்தேன். ரெண்டு விரல் நசுங்கிப் போச்சு. உன்கிட்டச் சொன்னா நீ தூங்க மாட்டியேன்னுதான்..."

"தூங்காமத்தான் இருந்திருப்பேன். அதனால என்ன கெட்டுப்போச்சு? உங்களுக்காக முழிச்சிருந்தேன்னாவது இருக்கும். இத்தனை நாளும் நான் யாரைக் கேட்டுச் சிரிச்சேன், சொல்லுங்க. ஒரு டப்பாவையா?"

"கோபப்படாதம்மா. நானா இதைச் செய்யல. மாமாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"யாரை?"

"உங்க அப்பாவைத்தான். அக்கரையில குழந்தைங்க சேத்துத் தண்ணியைக் குடிக்குதுங்க, போகலாமான்னு கேட்டேன். போ, ஆனா அவகிட்டச் சொல்லாதே, தாங்க மாட்டா, பேசி வெச்சுட்டுப் போயிடுன்னாரு. நான் பக்கத்துலயே உட்கார்ந்து சமாளிச்சுக்கறேன்னாரு. அந்த உப்பு விஷயம்கூட அவர் சொல்லித்தான் சேர்த்தேன். அப்பத்தான் நீ நம்புவியாம்."

அவள் போனை அணைத்தாள்.

இந்த மனுஷர் திரும்பி வருவார். வந்தால் ஆயுசு பூராவும் வைத்துச் சண்டை போடலாம். ஆனால் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்துகொண்டே தொடையில் தட்டிச் சிரித்தாரே, அவரை எங்கே போய்ப் பிடித்துக் கேட்பது? ஒரு வார்த்தை திட்டக்கூட வழியில்லாமல் போய்விட்டார்.

வண்டியைச் சுற்றிப் போய் முன் கதவைத் திறந்தாள். அவர் முதுகு பட்டுப் பட்டு உறை தேய்ந்திருந்த சீட்டைப் பார்த்தாள்.

"இறங்குப்பா கீழே," என்றாள், அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. "என் வண்டியில உனக்கு இடம் கிடையாது. இறங்கு."

பள்ளிக்கூடக் காவலாளி எட்டிப் பார்த்தார். அவள் கதவை மூடாமல் அங்கேயே நின்றாள்.