அண்ணனின் காலிங் பெல் பலகை

இன்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிவி மெக்கானிக்கிடம் ஒரு பழைய பலகையைக் கொண்டுபோனேன்.

நெல் அடிக்கும் மெஷினில் அண்ணனின் வலது கை விரல்கள் போன பிறகு, டிவி கேமை அவன் காலால் ஆடுவதற்காக, காலிங் பெல் சுவிட்சுகளைப் பொருத்தி அந்த மெக்கானிக்கே செய்துகொடுத்த பலகை. அந்தக் காலாலேயே தினமும் என்னைத் தோற்கடிப்பான்.

அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

நேற்று பரணிலிருந்து எடுத்து டிவி கேமில் மாட்டினேன். என் கையில் ஜாய்ஸ்டிக். பலகையை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் அண்ணனுடைய ஆள் குதித்தான்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஸ்பிரிங்கு துருப்புட்சிக்கினு கீது. அதான் சுவிட்சு தானா ஒட்டி ஒட்டி வுடுது. பத்து நிமிசத்துல மாத்திடறேன்."

"வேணாங்கண்ணா. அப்டியே மூடிக் குடுத்துடுங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு எடுத்தாந்த?"

பலகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போதும் அவன் குதித்துக்கொண்டுதான் இருக்கிறான். சாயங்காலத்திலிருந்து இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டேன்.

துருப்பிடித்த ஸ்பிரிங்கிடம் தோற்றவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?