மேயர் அம்மாவும் முள்கம்பி வேலியும்

அவுஸ்திரேலியாவில் மாநிலப் பாராளுமன்றத்தில் இருந்த ஓர் அம்மா இப்போது தன் ஊருக்கு மேயராம் என்று கேள்விப்பட்டதும், ஏதோ களவில் பிடிபட்டு இறக்கப்பட்டவர் என்றே நான் நம்பினேன். எங்கள் பக்கத்தில் பிரதேச சபையில் தொடங்கிப் பாராளுமன்றம் போவார்கள். அங்கிருந்து யாரும் விரும்பி இறங்கி வந்ததை நான் கண்டதில்லை.

அவர் தன் ஊர்ச் சனத்தின் காசில் எங்கள் கரையில் கட்டிய வலை தைக்கும் கொட்டிலைத் திறக்க வந்தார். பொன்னாடை போர்த்தும் பொறுப்பு எனக்கு. மீனவர் சங்கத் தலைவர் காதைக் கடித்தார்: "வேலிக் கதையை மட்டும் எடுத்துப்போடாதை. வந்த ஆக்கள் கோவிச்சுக்கொண்டு போயிடுவினம்."

எங்கள் வயிற்றில் அடித்ததே அந்த வேலிதான். நாங்கள் போருக்குத் தப்பித் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் வெளியூர்க் கம்பனி ஒன்று கரைக்குப் போகும் பாதையை முள்கம்பியால் அடைத்துவிட்டது. திரும்பி வந்த நாங்கள் மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பனங்காணியைச் சுற்றி நடந்தோம். றோட்டுக்கு வருமுன் ஐஸ் கரைந்துவிடும்.

பொன்னாடையோடு எழும்பினேன். ஆறுதல் சொல்லப்போய் வாய் இப்படிப் போனது: "கவலைப்படாதேங்கோ அம்மா. என்ன பிழைக்கு உங்களை இறக்கினவை?"

மொழிபெயர்க்க நின்ற தேவாலயப் பாதருக்கு இருமலே வந்துவிட்டது. விஷயம் விளங்கியதும் அந்த அம்மா கதிரை குலுங்கச் சிரித்தார்.

"ஒருத்தரும் இறக்கேல்லையாம்," என்றார் பாதர். "பாராளுமன்றத்திலை பேசிப் பேசிக் களைச்சுப்போனாவாம். மேயரெண்டால் சனம் வீட்டுப் படலைக்கே வந்து, என்ரை றோட்டைப் பார் எண்டு கையைப் பிடிச்சு இழுக்குமாம். அதுதான் தனக்கு வேணுமாம்."

"இழுக்கலாமோ? அப்ப வாங்கோ அம்மா, எங்கடை றோட்டையும் பாருங்கோ!" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

தலைவர் என் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது, நான் நிற்கவில்லை. போர்த்த மறந்த பொன்னாடை என் தோளிலேயே கிடந்தது. முழுச் சனமும் பின்னால் வந்தது. வேலிக்கு முன் நின்று, பயத்தில் குரல் கீச்சிட்டாலும் கத்தினேன்: "இது எங்கடை பாதை! கம்பனிக்காரர் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டட்டும். அதுவரைக்கும் இஞ்சைதான் நிப்பம்!"

"காட்டினால் என்ன செய்வாய்?" என்று பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்.

"அப்பவும் நிப்பன்!"

அந்த அம்மா கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "இதை உங்கடை சபையிலை ஆர் கேக்கிறது எண்டு கேக்கிறா," என்றார் பாதர். சனம் என்னைப் பார்த்தது. நான் கடலைப் பார்த்தேன்.

அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். வேலி இருந்தது. நான் பிரதேச சபைத் தேர்தலில் நின்று தோற்றேன். மறுமுறையும் நின்றேன், வென்றேன். சபையில் நான் கேட்டுக் கேட்டு, மீன் பெட்டி ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போகும் அகலத்துக்குக் கம்பி கழற்றப்பட்டது. மிச்ச வேலி இன்னும் நிற்கிறது.