பசைக்கேற்ற தூரம்

பல்லடத்தில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத்து வாட்ச்மேனிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. தனியார் பஸ்கள் போட்டி போட்டு ஹாரன் அடித்ததில் முதலில் ஒன்றும் காதில் விழவில்லை. "நம்ம நாச்சிமுத்தண்ணன் தவறிட்டாருங்க மேடம். வெடியக்காலைல மூச்சு முட்டிருச்சாமுங்க" என்று அவர் மறுபடி சொன்னபோதுதான் கேட்டது. "சரிங்க" என்றேன். முன்னால் வந்து நின்ற திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டும் வாங்கினேன். அந்தத் திட்டு அன்றைக்கு உதவியாகத்தான் இருந்தது. அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

நாச்சிமுத்து எங்கள் கட்டட இன்ஜினியர் அலுவலகத்தில் மாடல் செய்தவர். பனியன் கம்பெனிக்காரர்கள் கட்டப்போகும் வீட்டையும் பேக்டரியையும் நான் கம்ப்யூட்டரில் வரைவேன். அவர் அதைத் தெர்மாகோலிலும் அட்டையிலும் அக்ரிலிக்கிலும் மேசைமேல் கட்டி நிறுத்துவார். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் செய்த சின்ன வீட்டை இன்னும் தங்கள் பெரிய வீட்டின் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் அவர் கையைத் தெரியும். ஆளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பிழைக்க வந்த ஊரில் கணவரும் போய், மகளையும் சென்னைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். "ஏனுங்க மேடம், நா என்ன மளிகக் கடையா வெச்சிருக்கறேன்?" என்றார். "கடை இல்லாட்டி என்ன, மூஞ்சி அப்படித்தான இருக்கு" என்றேன். எனக்கு எதையும் பட்டென்று சொல்லித்தான் பழக்கம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு மேடம் இல்லை, அம்மிணி.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் லீவு. மறுநாள் பார்ட்டி மாடலைப் பார்க்க வருகிறது என்று இன்ஜினியர் பதறினார். இதென்ன பெரிய வித்தையா என்று நானே உட்கார்ந்தேன். செருப்புக் கடைக்காரர்கள் தடவுகிற மஞ்சள் ரப்பர் சொல்யூஷனை எடுத்துத் தெர்மாகோல் சுவரில் தாராளமாகத் தடவினேன். தடவிய இடமெல்லாம் கரைந்து குழிவிழுந்து, மாடி தரைக்கு வந்துவிட்டது. மறுநாள் நாச்சிமுத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எலி கடிச்சாப்புடி ஆக்கிப் போட்டீங்களே அம்மிணி" என்றார். அப்புறம் கோபமே இல்லாமல், "ஒட்டுதான்னு பொறவு பாக்கலாமுங்க. மொதல்ல திங்குதான்னு பாக்கோணும்" என்றார்.

அவர் அப்படித்தான் பார்ப்பார். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். புது வேலை என்றால் அதே பொருளில் இரண்டு துண்டை ஒட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். வந்ததும் பிய்த்துப் பார்ப்பார். ஒட்டிய இடம் விட்டுக்கொண்டால் அந்தப் பசை ஆகாது. ஒட்டு அசையாமல் பக்கத்தில் அட்டை கிழிந்தால் அதுதான் சரியான பசை. மரத்துக்கும் அட்டைக்கும் வெள்ளைப் பசை. தகர கேட்டை நிறுத்த, இரண்டு டியூபையும் சமமாகப் பிதுக்கிக் கலக்கிற பசை. அக்ரிலிக்குக்கு, அதன் ஓரத்தையே கரைத்து ஒட்டவைக்கிற குளோரோபார்ம். தொட்டதும் பிடித்துக்கொள்ளும் சொட்டுப் பசையை அவருக்குப் பிடிக்காது. அது பளிச்சென்ற ஜன்னலை வெளுக்கடித்துவிடும். "பசை தெரியக் கூடாதுங்க, ஊடு தெரியோணும்" என்பார்.

அந்தச் சொட்டுப் பசையால் ஒரு கூத்து நடந்தது. தன் வீட்டு மாடலைப் பார்க்க வந்த ஒரு கம்பெனி முதலாளி கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அவசரத்துக்கு அதை வைத்து அப்போதுதான் ஒட்டிய பால்கனியைத் தொட்டார். விரலில் பசை. இந்த ஊரில் எது சிந்தினாலும் கை தானாகப் பனியன் வேஸ்டை, வெட்டி மிஞ்சிய துணியைத்தான் தேடும். அவரும் மேசையில் கிடந்ததை அள்ளி அழுத்தித் துடைத்தார். உடனே, "ஐயோ, சுடுதுங்க! பொகையுதுங்க!" என்று குதித்தார். நாச்சிமுத்து அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரில் கையை நனைத்தார். "இந்தப் பசைக்கும் பருத்திக்கும் ஆகவே ஆகாதுங்க" என்று விளக்கினார். முதலாளி விரலை ஊதிக்கொண்டே, "பருத்திக்கு ஆகாதுன்னா எங்க குடும்பத்துக்கே ஆகாதுங்க" என்றார். அதன்பிறகு மாடல் அறைக்குள் பனியன் வேஸ்ட் வரக் கூடாது என்று நாச்சிமுத்து சட்டம் போட்டார். திருப்பூரிலேயே அது இல்லாத அறை எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசியாக இருக்கும் என்றோம். இந்த ஊரில் இருமாதவர் யார்? கோயமுத்தூர் டாக்டர்தான் பசை நெடி என்று கண்டுபிடித்தார். இனி அந்தக் காற்றை இழுத்தால் மூச்சுக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் கெட்டவர் இல்லை. "ரிசப்ஷன்ல உக்காந்துக்கங்க, சம்பளம் அதேதான்" என்றார். நாச்சிமுத்து தன் பிளேடுகளை எடுத்துவைக்கத் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அவிநாசிப் பக்கம் அண்ணன் நடத்தும், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். அங்கே சோறு உண்டு, மரியாதை உண்டு, பேச ஆள் இல்லை. மாடல் அறை போனால் அவருக்கு எதுவுமே மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். பிளேடைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒட்டுததை நான் ஒட்டுதேன் சார். அவுக வெளிய நின்னு சொல்லட்டும்" என்றேன். இன்ஜினியர் எங்கள் இருவரையும் பார்த்தார். "என்னமோ பண்ணுங்க" என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து அளப்பதும் வெட்டுவதும் அவர். டப்பாவைத் திறந்ததும் அவர் வெளியே, நான் உள்ளே. எந்தப் பசையோ அதற்கு ஏற்ற தூரம். வெள்ளைப் பசை என்றால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம். இரண்டு டியூப் பசை என்றால் கொஞ்சம் தள்ளி. ரப்பர் சொல்யூஷன் என்றால் தண்ணீர்த் தொட்டிவரை. குளோரோபார்ம் பாட்டிலை எடுத்தேனென்றால் கேட்டுக்கே போய்விட வேண்டும். அங்கிருந்து டிராபிக் போலீஸ்போல அவர் கையைக் காட்டுவார், எனக்கு ஒன்றும் விளங்காது. அறைக்குள் விடாத பனியன் துணியில் ஒரு நாடா கிழித்து வெளிப்பக்கம் கம்பியில் கட்டிவிட்டார். ஆடிக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதென்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் பசையை எடுப்போம்.

சில மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். பசை விஷயத்தில் அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் பொருளை மாற்றத் தொடங்கியிருந்தார். அக்ரிலிக் ஜன்னல் போய், அட்டைச் சட்டத்துக்குள் சொருகுகிற மெல்லிய கண்ணாடித் தாள் வந்தது. தகர கேட் போய், வெள்ளிப் பெயிண்ட் அடித்த அட்டை கேட் வந்தது. எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசையே போதும். "கனம் கம்மிங்க, தூக்கிட்டுப் போறதுக்குச் சுளுவு" என்று இன்ஜினியரிடம் காரணம் சொன்னார். கனமாவது ஒன்றாவது. வெள்ளைப் பசை பிடிக்க நேரமாகும். அதுவரை நான் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கம்பியோரம் நின்றிருக்கலாம். எனக்குப் புரிந்தது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. சீக்கிரம் காய்வதற்கு மின்விசிறியைப் போடவும் இல்லை.

அப்படி ஒரு மாலை, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை நான் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஊட்டுக்குப் போயி என்னங்க பண்ணுவீங்க?"

"டிவியப் போட்டுட்டு சமைப்பேன் அண்ணாச்சி. பாக்க மாட்டேன். சத்தம் கெடந்தாப் போதும்."

கம்பியில் கட்டியிருந்த நாடாவை நேராக்கினார். "எனக்கு அங்க மிஷின் ஓடற சத்தம் இருக்குதுங்க அம்மிணி. ஆனா அது என்ற பேரச் சொல்லிக் கூப்புடாதில்லீங்க" என்றார்.

கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுக்காமலே, "ஏ நாச்சிமுத்து அண்ணாச்சீ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வாட்ச்மேன் என்ன ஆச்சோ என்று ஓடிவந்துவிட்டார்.

அவர் தவறிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசி தாண்டி அவர்கள் ஊரைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது, அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் மாலை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நிட்டிங் மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு வேலையைப் பாதியில் யோசித்துக்கொண்டிருக்கிறவர்போல இருந்தார். பார்த்துவிட்டு ஓரமாக வந்து நின்றபோது அவர் அண்ணி என்னிடம் வந்தார். அழுது சிவந்த கண்.

"நீங்க ஆபீஸுங்களா?"

"ஆமாங்க."

"மத்தவங்கல்லாம் எங்கீங்க? ஜீப்ல வந்தவங்க இல்லீங்க, அவரு செட்டு. ‘சாயங்காலம் வேல முடிஞ்சும் அஞ்சாறு பேரு ஜன்னல்கிட்ட நின்னு பேசிட்டிருந்தமுங்க அண்ணி, அதா நேரமாயிருச்சு’ன்னு தெனமுஞ் சொல்லுவாருங்க. ‘எனக்கென்னுங்க, அங்க அத்தன பேரு இருக்காங்க’ன்னு பெருமையாச் சொல்லுவாருங்க. அவிங்களுக்குஞ் சேத்துத்தான் காப்பி வெக்கச் சொன்னேன்."

சுவரோரம் ஒரு பெஞ்சில் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

ஒரு பெண்பிள்ளையோடு நின்று பேசுகிறேன் என்று வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொன்னாரா, தனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் நினைக்கட்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது. ஜன்னலில் வேறு யாரும் இருந்ததில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எல்லாரும் வந்தாச்சுங்க" என்றேன். அவர் என் பின்னால் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நாச்சிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அஞ்சாறு பேர். இப்போதும் மாடல் அறையில், மாலையில் வெள்ளைப் பசை பிடிக்கும்வரை, அவர்கள் எல்லோருமாக நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன்.